ஒரு பெயருக்குள் இரண்டு புழுக்கள்

நீலகிரி மலைச்சரிவில், நல்ல விதையிட்டு, வேண்டிய எருவிட்டு, மழையும் தக்க பருவத்தில் பெய்த ஒரு வயலில், சுற்றிலுமுள்ள செடிகள் செழித்து நிற்க, நடுவே ஒரு சிறு திட்டில் மட்டும் உருளைக்கிழங்குச் செடிகள் குட்டையாகி, கீழிலைகள் மஞ்சள் பூத்து, வெயில் ஏறியதும் தலைசாய்ந்து வாடுமானால், அதன் காரணத்தை இலையிலோ தண்டிலோ தேடுவது வீண். செடியை மெல்லப் பெயர்த்து, வேரை ஒட்டிய மண்ணை உதிர்த்துவிட்டுக் கூர்ந்து பார்க்கிறவர் கண்ணுக்கு, குண்டூசித் தலையினும் சிறிய மணிகள் சில வேரின்மேல் பற்றிக்கொண்டிருப்பது புலப்படும். சில வெண்மையாக இருக்கும்; சில பொன்மஞ்சளாக இருக்கும்; முதிர்ந்தவை பழுப்பேறியிருக்கும். அரை மில்லிமீட்டரை ஒட்டிய விட்டமுள்ள அந்த மணி ஒவ்வொன்றும் ஒரு பெண் நூற்புழுவின் உடல். அவ்வுடலுக்குள் இருநூறு முதல் ஐந்நூறு வரை முட்டைகள் அடங்கியிருக்கும்.

1961-ஆம் ஆண்டில் உதகமண்டலத்தை அடுத்த விஜயநகரம் பண்ணையில், இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜோன்ஸ் என்னும் நூற்புழு நிபுணர் இம்மணிகளை முதன்முதலாகக் கண்டறிந்தபோது, இந்தியாவில் இப்புழு இருப்பது வெளிப்பட்டது. பிற்காலத்தில் கொடைக்கானல் மலையிலும் அது காணப்பட்டது. அன்று அதற்கு உலகமெங்கும் ஒரே பெயர்தான் வழங்கிற்று. அது ஒரே இனம் என்றே யாவரும் கருதினர். அந்த ஒரு பெயருக்குள் இரண்டு இனங்கள் மறைந்து வாழ்ந்தன என்பதும், அவ்விரண்டுக்குள்ளும் மீண்டும் பல கிளைகள் உள்ளன என்பதும், கண்ணுக்குப் புலனாகாத அந்தப் பேதங்களே ஒரு குடியானவனுடைய விளைச்சலைத் தீர்மானிக்கின்றன என்பதும் அடுத்த சில பத்தாண்டுகளில் படிப்படியாகத் தெரியவந்த உண்மைகள். இவற்றைச் சாதாரண வாசகரும் அறிந்துகொள்வது நலம். ஏனெனில், பயிர்நோயை எதிர்த்து மனிதன் செய்யும் யுத்தத்தில், எதிரியின் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு அவனுடைய வம்சத்தைத் தெரிந்துகொள்ளாமற் போனால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேறொன்று கிடைப்பது அரிது.

முதலில் இப்பிராணியின் வாழ்க்கையைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும். பின்னால் வரும் பேதங்கள் யாவும் அதில்தான் வேர்கொண்டிருக்கின்றன. தாய்ப்புழு இறந்ததும் அதன் தோல் கெட்டிப்பட்டுப் பழுப்பு நிறமான முட்டைக்கூடாக மாறி வேரினின்று உதிர்ந்து மண்ணில் தங்கிவிடுகிறது. அதனுள்ளிருக்கும் முட்டைகளில் குஞ்சுகள் முழு உருவம் பெற்று, உருளைக்கிழங்கு அவ்விடத்தில் மறுபடி நடப்படும்வரை, இருபது ஆண்டுகளுக்கு மேலானாலும் உயிரோடு காத்திருக்க வல்லவை. அங்ஙனம் காத்திருக்கும் குஞ்சை எழுப்புவது காலமும் அன்று, மழையும் அன்று. உருளைக்கிழங்கின் இளவேரிலிருந்து கசிந்து மண்ணில் பரவும் சில இரசாயனப் பொருள்களே அதை எழுப்புகின்றன. அவற்றுள் முக்கியமான ஒன்றைச் சோலனோஎக்லெபின் என்ற பெயரால் விஞ்ஞானிகள் பிரித்தெடுத்திருக்கிறார்கள். அது மிகமிகச் சொற்பமான அளவிலேயே தன் காரியத்தைச் செய்கிறது. அந்தக் கசிவு பட்டதும் முட்டையோட்டின் உட்சவ்வு நெகிழ்கிறது. குஞ்சைச் சூழ்ந்திருந்த டிரெகலோஸ் என்னும் சர்க்கரை வெளியேறுகிறது. அதுவரை வற்றிச் சுருண்டிருந்த குஞ்சு நீரை ஏற்று அசையத் தொடங்கி, தன் வாயிலுள்ள ஊசியால் ஓட்டைக் கீறிக்கொண்டு வெளியே வருகிறது.

அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள அக்குஞ்சு வேருக்குள் புகுந்து, ஓர் உயிரணுவைத் தேர்ந்து, அதன்மேல் தன் உமிழ்நீரைச் செலுத்துகிறது. உடனே அவ்வணுவின் சுவர் கரைந்து பக்கத்து அணுவோடு கலக்கிறது. அதுவும் அடுத்ததோடு கலக்கிறது. இவ்வாறு நூற்றுக்கணக்கான அணுக்கள் ஒன்றாகிச் செடியின் சாரத்தைப் புழுவுக்கென்றே உறிஞ்சித் தரும் பெரியதோர் ஊட்டுகளம் உண்டாகிறது. புழு தான் வாழுமட்டும் அவ்வொரு களத்தையே நம்பியிருக்கிறது; வேறிடம் தேடிப்போகும் சக்தி அதற்கு இல்லை. இன்னொரு விந்தை யாதெனில், பிறக்கும்போது இக்குஞ்சு ஆண் என்றும் பெண் என்றும் நிச்சயிக்கப்படுவதில்லை. ஊட்டுகளம் பெரிதாக அமைந்து உணவு மிகுந்தால் அது பெண்ணாகி, உருண்டு திரண்டு, வேரின் தோலைப் பிளந்துகொண்டு வெளியே பிதுங்குகிறது. உணவு குறைந்தால் ஆணாகி, நூல்போன்ற உடலோடு வேரைவிட்டு வெளியேறிப் பெண்களைத் தேடுகிறது. ஆணுக்கு அதன்பின் உணவே வேண்டுவதில்லை. பெண்ணோ ஆணின் சேர்க்கையின்றி முட்டை தரிப்பதில்லை. அன்றியும், ஒரே பெண்ணை ஆண்கள் பலர் சேர்வதுண்டு. ஆகவே ஒரு முட்டைக்கூட்டுக்குள் இருக்கும் குஞ்சுகளுக்குத் தாய் ஒருத்தியாயினும் தந்தையர் பலர் இருக்கக்கூடும். இவ்விரண்டையும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்: பெண்ணாவதற்கு உணவு வேண்டும், ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணுக்கள் புதிதாகக் கலக்கப்படுகின்றன.

உருளைக்கிழங்கின் வேரில் இத்தகைய முட்டைக்கூடுகள் இருப்பதை ஜெர்மனியில் ஜூலியஸ் கூன் என்பவர் 1881-லேயே கண்டிருந்தார். அக்காலத்தில் அதைச் சர்க்கரைக் கிழங்கைத் தாக்கும் புழுவின் ஒரு வகையென்றே எண்ணினர். பின்னர், 1923-ல் வோலன்வெபர் என்பவர் இதைத் தனி இனமாகப் பிரித்து, ரோஸ்டாக் நகரத்தின் பெயரால் ரோஸ்டோகியென்சிஸ் என்று அழைத்தார். அதன்பின் ஐம்பது ஆண்டுகள் அந்தப் பெயர் ஒன்றே போதுமானதாயிருந்தது. பெண் புழுக்கள் முதிரும்போது சில பொன்னிறமாவதையும் சில வெண்மையிலிருந்து நேரே பழுப்பாவதையும் பார்த்தவர்கள் இல்லாமலில்லை. ஆயினும், ஓர் இனத்திற்குள் நிறம் சற்று மாறுபடுவது இயற்கையே என்று அதை அவர்கள் பெரிதுபடுத்தவில்லை. அதைப் பெரிதுபடுத்தும்படி நிர்ப்பந்தித்தது உருளைக்கிழங்குச் செடியே.

அந்த வரலாறு இது. இங்கிலாந்தில் நியூகாஸில் நகரில் பணிபுரிந்த எலன்பி என்னும் பேராசிரியர், தென் அமெரிக்காவிலிருந்து திரட்டி வைக்கப்பட்டிருந்த உருளைக்கிழங்கு வகைகளைப் புழு நிறைந்த மண்ணில் நட்டு ஒவ்வொன்றாகப் பரீட்சித்து, அவற்றுட் சிலவற்றின் வேரில் முட்டைக்கூடு உண்டாவதே இல்லை என்பதை 1952-ல் வெளியிட்டார். ஆண்டிஸ் மலைநாட்டு வகையான அவற்றுள் ஒன்றிலிருந்த ஒரே ஒரு மரபணுதான் அந்த எதிர்ப்புச் சக்திக்குக் காரணம் என்று பிறகு தெரிந்தது. அதற்கு ஹெச்-1 என்று பெயரிட்டார்கள். அம்மரபணு உள்ள வேருக்குள் குஞ்சு புகுவதைச் செடி தடுப்பதில்லை. புகுந்து ஊட்டுகளம் அமைக்கத் தொடங்கியதும், சுற்றியுள்ள அணுக்கள் தாமே மடிந்து அக்களத்தை வளரவொட்டாமல் வளைத்துக்கொள்கின்றன. உணவு குறைகிறது, பெண்ணாக வேண்டிய குஞ்சு ஆணாகிறது அல்லது அழிகிறது. நஞ்சு தெளிக்காமல், பூச்சிமருந்து இடாமல், எதிரியின் சந்ததியையே செடி அற்றுப்போகச் செய்யும் இந்த உபாயத்தை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகாமல் இருப்பதில்லை.

எனினும், புதிய எதிர்ப்புவகைகளைப் பல வயல்களில் நட்டுப் பார்த்தபோது எல்லா மண்ணிலும் ஒரே விளைவு உண்டாகவில்லை. சில வயல்களில் புழு அடியோடு குறைந்தது. வேறு சிலவற்றில் ஹெச்-1 என்ற மரபணு இருப்பதாகவே புழு பொருட்படுத்தவில்லை, வேர்களில் முட்டைக்கூடுகள் முன்போலவே தொங்கின. ஒரே இனமாயின் இந்த வேற்றுமை எப்படி வந்தது? இக்கேள்வியே ஆராய்ச்சியாளர்களை மீண்டும் நுண்ணோக்கியின் அருகே கொண்டுசென்று அமர்த்திற்று. எதிர்ப்பை மீறிய புழுக்களின் பெண்கள் பெரும்பாலும் பொன்னிறம் காட்டாதவையாய் இருந்தன. நிறத்தோடு நில்லாமல், பல நாடுகளிலிருந்து வந்த புழுக்களை வரிசை வரிசையாக அளந்து, 1973-ல் ராதம்ஸ்டெட் நிலையத்து ஸ்டோன் என்பவர் அவை வேறோர் இனமே என நிறுவினார். அப்புதிய இனம் பாலிடா எனப்பட்டது. இக்கட்டுரையில் ரோஸ்டோகியென்சிஸைப் பொன் இனம் என்றும், பாலிடாவை வெளிர் இனம் என்றும் குறிப்பது வாசிப்பதற்கு இலகுவாயிருக்கும்.

அவர்கள் அளந்தவை யாவை என்பதைச் சொல்லாமற் போனால் அந்த உழைப்பின் அருமை விளங்காது. இரண்டாம் பருவக் குஞ்சின் வாயூசி, பொன் இனத்தில் சராசரியாக 22 மைக்ரானை ஒட்டியும், வெளிர் இனத்தில் 23 மைக்ரானுக்கு மேலும் இருக்கிறது. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஊசியின் அடியிலுள்ள மூன்று குமிழ்கள் பொன் இனத்தில் உருண்டையாகவும், வெளிர் இனத்தில் முன்பக்கம் சற்று நீண்டு கூர்ந்தும் காணப்படும். குஞ்சின் உடல் நீளமோ ஒன்றில் சுமார் 470 மைக்ரான், மற்றதில் சுமார் 485. முட்டைக்கூட்டின் பின்புறத்தில் ஆசனத்துவாரத்துக்கும் பிறப்புத்துவாரத்துக்கும் இடையே தோலில் ஓடும் வரிமேடுகள் பொன் இனத்தில் பதினாறு முதல் முப்பத்தொன்று வரையிலும், வெளிர் இனத்தில் எட்டு முதல் இருபது வரையிலும் எண்ணப்படுகின்றன. அவ்விரு துவாரங்களின் இடைவெளியைப் பிறப்புத்துவாரம் அமைந்த குழியின் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் விகிதம், முதலாவதில் மூன்றுக்கு மேலும் இரண்டாவதில் மூன்றுக்குக் கீழும் அமைவது பொதுவழக்கு.

இங்கே ஓர் இடர்ப்பாட்டைக் கவனிக்க வேண்டும். பதினெட்டு வரிமேடுகள் உள்ள முட்டைக்கூடு ஒன்று கையில் கிடைத்தால் அது எந்த இனத்தைச் சேர்ந்தது? இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். ஒரே தாயின் குஞ்சுகளுக்குள்ளும் நீளம் வேறுபடுகிறது. மண்ணின் தட்பவெப்பமும், வேரில் கிடைத்த உணவும், அவ்வேரில் எத்தனை புழுக்கள் நெருங்கி வாழ்ந்தன என்பதும் உருவத்தை மாற்றுகின்றன. ஆகவே தனி ஒரு புழுவைப் பார்த்து அதன் இனத்தை நிர்ணயிக்கத் துணிவது தவறாக முடியும். பல முட்டைக்கூடுகளையும் பல குஞ்சுகளையும் அளந்து, சராசரி எந்தப் பக்கம் சாய்கிறதென்று பார்த்தே முடிவுக்கு வரவேண்டும். இரண்டு இனங்களும் ஒரே கைப்பிடி மண்ணில் கலந்து வாழும்போது அச்சராசரியும் பயனற்றுப்போகிறது. நீலகிரியில் பல வயல்களின் நிலை இதுவே. இவ்வளவு நெருங்கிய உருவமுள்ள இரண்டும் உண்மையில் வெவ்வேறு இனங்கள்தானா என்ற ஐயம் எழுவது நியாயம். அவற்றை ஆய்வுக்கூடத்தில் கலந்து பார்த்தவர்கள் நிலைத்த சந்ததி உண்டாவதில்லையெனக் கண்டிருக்கிறார்கள். பழக்கத்திலும் இரண்டும் வேறு: வெளிர் இனம் குளிர்ந்த மண்ணை விரும்புகிறது, அதன் குஞ்சுகள் மெதுவாகவும் நீண்ட காலத்துக்கும் பொரித்து வெளிவருகின்றன, உருளைக்கிழங்கு இல்லாத ஆண்டுகளில் மண்ணில் அதன் தொகை குறைவதும் மெதுவாகவே. பயிர்ச்சுழற்சி செய்து புழுவைப் பட்டினி போட நினைக்கும் விவசாயிக்கு இந்தக் குணபேதம் வாயூசியின் நீளத்தைவிடப் பன்மடங்கு முக்கியமானது.

இவ்விரு இனங்களுக்கும் உள்ள வேற்றுமையின் பலனை இங்கிலாந்து பெரிய அளவில் அனுபவித்தது. ஹெச்-1 மரபணுவைத் தாங்கிய மாரிஸ் பைப்பர் என்னும் உருளைக்கிழங்கு வகை 1960-களின் நடுவில் வெளிவந்து, சுவையாலும் விளைச்சலாலும் அந்நாட்டு மக்களின் பெருவிருப்பத்துக்கு உரியதாயிற்று. வயல்தோறும் அது நடப்பட்டது. பொன் இனம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. ஆனால் அதே வயல்களில், முன்பு பொன் இனத்தின் கூட்டத்தில் சிறுபான்மையாய்ப் பதுங்கியிருந்த வெளிர் இனத்துக்கு இப்போது போட்டியும் இல்லை, தடையும் இல்லை. சில பத்தாண்டுகளில் அந்நாட்டின் உருளைக்கிழங்கு நிலங்களில் வெளிர் இனமே தலையெடுத்து நின்றது. இதில் புழு புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை; மனிதன் ஒரே சல்லடையை ஆண்டுதோறும் ஆட்டினான், அதன் கண்ணுக்குள் புகுந்து விழாதது மேலே தங்கிற்று. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் 1941-ல் பொன் இனம் கண்டுபிடிக்கப்பட்டபோது அங்கு கடுமையான தடுப்பு ஏற்பாடுகள் செய்யப்பட்டன. ஹெச்-1 வகைகளும் பரவலாக நடப்பட்டன. அங்கே வெளிர் இனம் இல்லாதிருந்தும், 1990-களில் பொன் இனத்துக்குள்ளேயே அம்மரபணுவை மீறும் கிளையொன்று வெளிப்பட்டது.

இத்தகைய கிளைகளைக் குறிக்க 1977-ல் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் ஓர் அட்டவணை வகுத்தார்கள். எந்தெந்த எதிர்ப்புவகைச் செடியில் புழு பெருகுகிறது, எதில் பெருகுவதில்லை என்பதைக் கொண்டு, பொன் இனத்தை ரோ-1 முதல் ரோ-5 வரையிலும், வெளிர் இனத்தைப் பா-1 முதல் பா-3 வரையிலும் பிரித்தனர். அதே ஆண்டில் தென் அமெரிக்கப் புழுக்களுக்கென்று வேறோர் அட்டவணையும் எழுந்தது. நீலகிரியில் மிகுதியாகக் காணப்படுபவை ரோ-1, பா-2 என்று கூறப்படுகின்றன. இந்த எண்கள் பயனுள்ளவையே. ஆயினும் அவற்றில் நாம் வைக்கும் நம்பிக்கைக்கு ஓர் எல்லை வேண்டும் என்பது என் கருத்து. பொன் இனத்துக்கும் ஹெச்-1 மரபணுவுக்கும் உள்ள உறவு திட்டவட்டமானது: செடியின் ஒரு மரபணுவுக்கு எதிராகப் புழுவின் ஒரு மரபணு நிற்கிறது, புழுவின் மீறும் குணம் அடங்குநிலையுடையது, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தாலன்றி வெளிப்படாது என்பதை நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் கலப்புச் சோதனைகளால் காட்டியிருக்கிறார்கள். வெளிர் இனத்திலோ அத்தகைய தெளிவு இல்லை. அங்கே எதிர்ப்பும் மீறுதலும் பல மரபணுக்களின் கூட்டுவிளைவாதலின், பா-2 என்றும் பா-3 என்றும் கோடு கிழித்த இடத்தில் உண்மையில் படிப்படியான சரிவுதான் இருக்கிறது. ஒரு வயலிலுள்ள புழுக்கூட்டத்துக்கு எண்ணைச் சூட்டிவிட்டால், அக்கூட்டத்துக்குள் இருக்கும் மாறுபாட்டை நாம் மறந்துவிடுகிறோம். ஜெர்மனியின் எம்ஸ்லாண்ட் பகுதியில், மாவுக்கென்று எதிர்ப்புவகைகளைத் தொடர்ந்து பயிரிட்ட நிலங்களில், பா-3-க்கு எதிரான வகைகளையும் மீறும் வெளிர் இனக் கூட்டங்கள் அண்மையில் தோன்றியிருப்பது இந்த மறதிக்குக் கிடைத்த பதில் என்றே சொல்லவேண்டும்.

இந்த மாறுபாடெல்லாம் எங்கிருந்து வந்தது? உருளைக்கிழங்கு பிறந்த இடத்திலேயே அது பிறந்தது. பெருவிலும் பொலிவியாவிலும், கடல்மட்டத்துக்கு மேல் மூவாயிரம் மீட்டரையும் கடந்த ஆண்டிஸ் சரிவுகளில், மனிதன் உருளைக்கிழங்கைப் பயிராக்குவதற்கு மிக முன்பே, காட்டு உருளைச் செடிகளின் வேரில் இப்புழுக்கள் வாழ்ந்திருந்தன. 1970-களில் எவன்ஸ், பிராங்கோ முதலியோர் அம்மலைநாடுகளில் மண்ணெடுத்துப் பார்த்து, தென் அட்சரேகை 15.6 பாகையை ஒட்டி ஓர் எல்லை இருப்பதைக் கண்டனர்: அதற்கு வடக்கே பெரும்பாலும் வெளிர் இனம், தெற்கே பெரும்பாலும் பொன் இனம், டிட்டிகாகா ஏரியைச் சூழ்ந்த பிரதேசத்தில் இரண்டும். பிற்காலத்தில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் பெரு நாட்டு வெளிர் இனக் கூட்டங்களின் மரபணுக்களை ஒப்பிட்டபோது அங்கு தெளிவாகப் பிரிந்த ஐந்து கிளைகளைக் கண்டார்கள். அவற்றுள் தொன்மையானவை தெற்கிலும் இளையவை வடக்கிலும் அமைந்திருப்பதால், மலைத்தொடர் தெற்கிலிருந்து வடக்காகப் படிப்படியாக உயர்ந்தெழுந்த லட்சக்கணக்கான ஆண்டுகளில், குளிர்ந்த நிலம் விரியவிரியப் புழுவும் வடக்கு நோக்கிப் பரவிற்று என்பது அவர்களுடைய அனுமானம். மண்ணுக்குள் ஒரு குஞ்சு தன் முயற்சியால் ஒரு மீட்டர் தூரம்கூடச் செல்வது அரிது என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு பள்ளத்தாக்கின் புழு அடுத்த பள்ளத்தாக்கின் புழுவிலிருந்து ஏன் இவ்வளவு விலகிப்போயிற்று என்பது விளங்கும்.

ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தது இப்பெரும் பொக்கிஷத்தின் ஒரு சிறு துணுக்கு மட்டுமே. பதினாறாம் நூற்றாண்டிலேயே உருளைக்கிழங்கு அக்கண்டத்தை அடைந்துவிட்டதாயினும், புழு அதனோடு வந்ததாகத் தெரியவில்லை. 1840-களில் கருகல் நோய் ஐரோப்பிய உருளைக்கிழங்கை அழித்து, அயர்லாந்தில் பெரும்பஞ்சத்தை விளைவித்த பிறகு, அந்நோயைத் தாங்கும் வகைகளைத் தேடித் தென் அமெரிக்காவிலிருந்து புதிதாகக் கிழங்குகள் கொண்டுவரப்பட்டன. அவற்றில் ஒட்டியிருந்த மண்ணோடு முட்டைக்கூடுகளும் வந்திறங்கின என்பதே பெரும்பாலோர் கொள்கை. ஒரு துன்பத்துக்கு மருந்து தேடிச் சென்ற கப்பலிலேயே இன்னொரு துன்பம் ஏறி வந்தது. மேற்கு ஐரோப்பாவின் வெளிர் இனக் கூட்டங்கள் பெரும்பாலானவற்றின் மூதாதைகள், டிட்டிகாகா ஏரியின் வடகரைக்கும் குஸ்கோ நகருக்கும் இடைப்பட்ட ஒரு குறுகிய பகுதியைச் சேர்ந்தவை என்று 2008-ல் வெளியான மரபணு ஆராய்ச்சி காட்டியது. பிரிட்டனில் மட்டும் மூன்று வெவ்வேறு வருகைகளின் சுவடு தெரிகிறது. மற்றபடி, பெருவின் ஐந்து கிளைகளில் பெரும்பகுதி இன்னும் தன் மலையைவிட்டு இறங்கவில்லை.

உருவத்தால் தீர்க்க முடியாத வழக்குகளை இன்று டி.என்.ஏ. சோதனை சில மணி நேரத்தில் தீர்த்துவிடுகிறது. ஒரே ஒரு முட்டைக்கூட்டை நசுக்கி அதன் இனத்தைச் சொல்லிவிடலாம். அத்தோடு நில்லாமல், 2014-ல் வெளிர் இனத்தின் மரபுத்தொகுதியும் 2016-ல் பொன் இனத்தின் மரபுத்தொகுதியும் முழுமையாக வாசித்து வெளியிடப்பட்டன. முன்னது சுமார் பன்னிரண்டரைக் கோடி எழுத்துகளும் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட மரபணுக்களும் கொண்டது. பின்னது சுமார் ஒன்பதரைக் கோடி எழுத்துகளும் பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட மரபணுக்களும் கொண்டது. நுண்ணோக்கியில் ஒரு மைக்ரான் வேற்றுமைக்காகக் கண் பூத்துப்போகப் பார்த்த இனங்கள், மரபேட்டில் இத்தனை தூரம் விலகி நிற்பது கருதத்தக்கது. வெளிர் இனத்தில் இன்னொரு விசேஷமும் உண்டு. மனிதன் முதல் ஈ வரை பெரும்பாலான பிராணிகளின் உயிரணுக்களில், மைட்டோகாண்ட்ரியா என்னும் சக்திக்கூடங்களுக்குரிய டி.என்.ஏ. ஒரே வளையமாக அமைந்திருக்க, இப்புழுவில் அது குறைந்தது ஆறு சிறு வளையங்களாகச் சிதறிக் கிடக்கிறதென்று 2000-ல் ஸ்காட்லாந்து ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர்.

இதைவிடவும் ஆழ்ந்த செய்தி புழுவின் உமிழ்நீரில் இருக்கிறது. செடியின் அணுச்சுவரைக் கரைக்கும் செல்லுலேஸ் நொதியைப் பிராணிகள் தாமே உற்பத்தி செய்வதில்லை, அவற்றின் குடலில் வாழும் நுண்ணுயிர்களே அதைச் செய்து தருகின்றன என்று வெகுகாலம் கருதப்பட்டது. பொன் இனம் அந்நொதியைத் தன் சொந்த மரபணுவைக்கொண்டே செய்துகொள்கிறது என்று 1998-ல் நிரூபணமாயிற்று. அம்மரபணுவின் சாயல் பாக்டீரியாவின் மரபணுவை ஒத்திருப்பதால், என்றோ ஒரு காலத்தில் பாக்டீரியாவிலிருந்தே அது புழுவின் முன்னோருக்கு வந்திருக்கவேண்டும் என்று அறிஞர் கருதுகின்றனர். உமிழ்நீரில் இத்தகைய புரதங்கள் பல உள்ளன. புழுக்கூட்டங்களுக்கிடையே உள்ள முக்கியமான மரபுபேதங்கள் இவற்றிலேயே செறிந்திருக்கின்றன. ஏனெனில் செடியின் எதிர்ப்புச் சக்தி இவற்றைக் கண்டுதான் எதிரியை அடையாளங்காண்கிறது. வெளிர் இனத்தின் சில கூட்டங்களை எதிர்க்கும் ஜி.பி.ஏ.-2 என்ற உருளைக்கிழங்கு மரபணு, அப்புழு உமிழும் ஒரு புரதத்தை உணர்ந்து செயற்படுகிறது. அப்புரதத்தின் 187-ஆவது இடத்தில் புரோலின் என்னும் அமினோ அமிலம் இருந்தால் செடி விழித்துக்கொள்கிறது. அதே இடத்தில் செரின் இருந்தால் செடிக்கு ஒன்றும் தெரிவதில்லை, புழு தடையின்றிக் குடியேறுகிறது. முழுப்புழுவிலும் ஒரே ஒரு கண்ணி மாறியது. ஒரு வயலின் கதி மாறிவிட்டது.

நீலகிரிக்கு வருவோம். புழு கண்டுபிடிக்கப்பட்டபின் அம்மலையிலிருந்து விதைக்கிழங்கு வெளியே செல்லாதபடி 1971-ல் தமிழ்நாடு அரசு உள்நாட்டுத் தடை விதித்தது. முத்தோரையிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் முயற்சியால், இரண்டு இனங்களையும் ஒருங்கே எதிர்க்கும் குஃப்ரி ஸ்வர்ணா என்ற வகை 1980-களில் விவசாயிகள் கைக்கு வந்தது. இரண்டையும் ஒருங்கே என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். ஒன்றை மட்டும் எதிர்க்கும் வகையை அந்தக் கலப்பு மண்ணில் நட்டிருந்தால் இங்கிலாந்தில் நடந்ததே இங்கும் நடந்திருக்கும். இத்துடன், உருளைக்கிழங்கு போட்ட நிலத்தில் அடுத்த மூன்று நான்கு போகங்களுக்குக் காரட், முட்டைக்கோஸ், பூண்டு, பீன்ஸ் என்று புழு உண்ணாத பயிர்களை மாற்றிமாற்றிப் போடும்படி சொல்லப்படுகிறது. எதிர்ப்புவகையையே நம்பி அதை மட்டும் வருஷந்தோறும் நடுவது சல்லடையை ஓயாமல் ஆட்டுவதாகும். இடையிடையே பயிரை மாற்றுவது புழுவின் தொகையைக் குறைப்பதோடு, மீறும் குணமுள்ள சில புழுக்களுக்கு மட்டும் தனிச்சலுகை கிடைக்காதபடியும் தடுக்கிறது.

புழுதான் இங்கே ஏற்கெனவே வந்துவிட்டதே, இனித் தடை எதற்கு, விதைக்கிழங்கை எங்கிருந்து வேண்டுமானாலும் தருவித்தால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. விவசாயியின் அவசரத்தை நான் உணர்கிறேன். நல்ல விதைக்கு மலைநாட்டில் எவ்வளவு தட்டுப்பாடு என்பதும் தெரிந்ததே. ஆயினும் மேலே கூறியவற்றை நினைத்துப் பார்க்கவேண்டும். நீலகிரி மண்ணில் இருப்பது இவ்விரு இனங்களின் ஒரு சிறு பகுதியே. குஃப்ரி ஸ்வர்ணா எதிர்ப்பது அந்தப் பகுதியைத்தான். வேறொரு நாட்டிலிருந்தோ வேறொரு மலையிலிருந்தோ மண் ஒட்டிய கிழங்கு ஒன்று வருமானால், அதனோடு வருவது பழைய புழுவின் இன்னொரு பிரதியாக இராது. இங்கு இதுவரை இல்லாத மரபணுக்களைச் சுமந்த புழுவாக இருக்கலாம். ஒரே இனத்தைச் சேர்ந்ததாயின் அது இங்குள்ள புழுவோடு கூடும். ஒரு தாய்க்குத் தந்தையர் பலராதலால் அக்கலப்பு விரைவில் பரவும். அடங்குநிலையிலுள்ள மீறும் குணம் சில தலைமுறை மறைந்திருந்து, இரண்டு பக்கமும் சேர்ந்த அன்று வெளிப்படும். 2018-ல் இமாசலப் பிரதேசத்திலும் உத்தரகண்டிலும் ஜம்மு காஷ்மீரிலும் இப்புழு இருப்பது தெரிந்து, அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியேறுவதை மத்திய அரசு தடுத்தபோது, இந்தத் தடை நமக்கு அவசியந்தானா என்று நீலகிரியில் இருப்பவரும் கேட்கலாம். அவசியமே. அந்த மலைகளின் புழுவும் நீலகிரியின் புழுவும் ஒரே கிளையைச் சேர்ந்தவை என்று மரபணுவைப் பார்த்து உறுதிசெய்யும்வரை, அவற்றை அந்நியமாகவே பாவிக்க வேண்டும்.

ஆதலின் வயல்மண்ணைச் சோதனைக்கு அனுப்பும் விவசாயி, என் நிலத்தில் புழு உண்டா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், எந்த இனம், இரண்டும் உண்டாயின் எது எவ்வளவு, சென்ற முறை பார்த்ததற்கு இம்முறை அவ்விகிதம் எப்பக்கம் நகர்ந்திருக்கிறது என்று கேட்டறிய வேண்டும். வெளிர் இனம் மிகுந்து வருமானால் பயிர்ச்சுழற்சியை ஓரிரண்டு ஆண்டு கூட்டவேண்டும், ஏனெனில் அதன் முட்டைகள் பொன் இனத்தின் முட்டைகளைவிட மெதுவாகவே தீர்கின்றன. எதிர்ப்புவகையை நட்ட நிலத்தில், அறுவடைக்கு முன் சில செடிகளைப் பெயர்த்து வேரைப் பார்த்து, ஒன்றிரண்டு முட்டைக்கூடுகளேனும் புதிதாகத் தென்பட்டால் அவற்றை அலட்சியமாக உதறிவிடாமல் முத்தோரைக்கு அனுப்பிவைக்க வேண்டும். எதிர்ப்பை மீறத் தெரிந்த முதற் பெண்கள் அவையாகவே இருக்கக்கூடும்.